விளக்கும் வாய்ப்பின் பங்கீடு: நன்னூல் காட்டும் கற்றற் கூறுகளும் வகுப்பறைக் குழுக் கற்றலும்

ஆய்வுச் சுருக்கம்

வகுப்பறையில் மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்துக் கற்பிக்கும் முறை இன்று பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை பரவலாக உள்ளது. ஆயினும் குழுவாக அமர்தல் மட்டுமே கூட்டுக் கற்றலாகிவிடுவதில்லை. குழுவில் நிகழும் கற்றலின் பெரும்பகுதி பிறருக்கு விளக்குவோரையே சென்று சேர்கிறது. தலையீடு இல்லாத குழுவில் அவ்விளக்கும் வாய்ப்பு முன்னரே அறிந்தவரிடம் குவிகிறது. எனவே அவ்வாய்ப்பை உறுப்பினர் அனைவருக்கும் பகிர்ந்தளிப்பதே குழுக் கற்றலில் ஆசிரியரின் முதன்மைப் பணி என்பதை இக்கட்டுரை நிறுவுகிறது. நன்னூற் பொதுப்பாயிரத்தின் கற்றற் கூறுகளும் தற்காலக் கூட்டுக் கற்றல் ஆய்வுகளும் ஒப்புநோக்கப்பட்டு, குறுந்தொகைப் பாடல் ஒன்றைக் கற்பிக்கும் செயல்முறை வாயிலாக இக்கருத்து விளக்கப்படுகிறது.

குறிச்சொற்கள்: குழுக் கற்றல், நன்னூல், பொதுப்பாயிரம், மெட்ராஸ் முறை, தகுநிலை, குறுந்தொகை, மதிப்பீடு.

1. முன்னுரை

தமிழ் இலக்கிய வகுப்புகளில் குழுப்பணி என்பது பெரும்பாலும் ஒரு தலைப்பைக் கொடுத்து, ஐவர் அல்லது அறுவர் சேர்ந்து ஒப்படைவு எழுதி வருமாறு பணிப்பதாக அமைகிறது. ஒப்படைவு உரிய நாளில் வந்து சேர்கிறது. அட்டையில் அறுவர் பெயரும் இருக்கின்றன. அதனை எழுதியவர் ஒருவராகவோ இருவராகவோ இருப்பதை ஆசிரியரும் அறிவர், மாணவரும் அறிவர். மதிப்பெண் அறுவருக்கும் சமமாகச் செல்கிறது. கற்றல் அவ்வாறு செல்வதில்லை. இந்நிலையை மாணவரின் சோம்பல் என்றோ நேர்மைக் குறைவு என்றோ விளக்கிவிடுவது எளிது. அவ்விளக்கம் போதுமானதன்று. தரப்பட்ட பணி ஒருவரே செய்து முடிக்கத்தக்கதாக இருக்கும்போது, அதனை ஒருவர் செய்து முடிப்பது இயல்பே. ஆகவே குழுப்பணியின் தோல்வியை மாணவரின் இயல்பில் தேடுவதற்கு முன், பணியின் அமைப்பில் தேட வேண்டியுள்ளது.

2. நன்னூலின் பங்கீடு

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், நூலினது வரலாறு, ஆசிரியனது வரலாறு, பாடஞ் சொல்லலின் வரலாறு, மாணாக்கனது வரலாறு, பாடங் கேட்டலின் வரலாறு என ஐந்து பகுதிகளைக் கொண்டது. இறுதிப் பகுதி மாணாக்கர் மேற்கொள்ள வேண்டிய கடமைகளை நிரல்படக் கூறுகிறது. உலக வழக்கை அறிதல், பாடத்தைப் போற்றிக் காத்தல், கேட்டவற்றை மீண்டும் எண்ணிப் பார்த்தல், ஆசிரியரை அணுகி ஐயம் நீங்கக் கேட்டல், தம்மையொத்த மாணாக்கருடன் கூடிப் பயிலுதல், அவர்களை வினவுதல், அவர்கள் வினவியவற்றுக்கு விடை கூறுதல் என்பன அவை. ஏழனுள் இறுதி மூன்றும் உடன்பயில்வோரைச் சார்ந்தவை என்பது கருதத்தக்கது.

இதனைத் தொடர்ந்து புலமை நிரம்பும் அளவைப் பவணந்தியார் பகுத்துக் காட்டுகிறார். ஆசிரியர் கூறியதை முழுமையாக உள்வாங்கிக்கொண்ட மாணாக்கருக்கும் புலமையில் காற்பங்கே வாய்க்கும். உடன்பயில்வோருடன் பழகுவதால் மற்றொரு காற்பங்கு சேரும். எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறருக்கு எடுத்துரைப்பதால் நிரம்பும். இப்பகுப்பை அளந்து கண்ட முடிவாகக் கொள்ள வேண்டியதில்லை. கேட்டலைவிட உரைத்தலுக்கு இருமடங்கு இடம் தரும் ஒரு கல்விக் கொள்கையாக இதனைக் கொள்ளலாம். உடன்பயிலுதல் வேறு, எடுத்துரைத்தல் வேறு எனப் பிரித்து, பின்னதற்கே பெரும்பங்கை அளித்திருப்பது இப்பகுப்பின் நுட்பம்.

இக்கொள்கையை இன்றைய வகுப்பறைக்குக் கொண்டுவரும்போது இரண்டு வேறுபாடுகள் மனங்கொள்ளத்தக்கவை. முதலாவது, உடன்பயில்வோராக நன்னூல் கருதுவோர் தெரிந்தெடுக்கப்பட்டவர்கள். அன்னம், ஆ, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என மாணாக்கரைத் தலை, இடை, கடை எனத் தரம் பிரித்தும், பாடம் சொல்லத் தகாதவர் இவரெனப் பட்டியலிட்டும் நன்னூல் செல்கிறது. அனைவருக்கும் கல்வி என்னும் கடப்பாட்டை ஏற்ற வகுப்பறை அவ்வாறு தெரிந்தெடுக்க இயலாது, எடுத்தலும் ஆகாது. இரண்டாவது, நன்னூலில் எடுத்துரைத்தல் கேட்டலுக்கும் பயிலுதலுக்கும் பின்னர் வருவது. குழுக் கற்றலிலோ கற்றல் நிகழ்ந்துகொண்டிருக்கும்போதே, அரைகுறையாகப் புரிந்த நிலையிலேயே எடுத்துரைத்தல் தொடங்கிவிடுகிறது. எனவே நன்னூலின் பங்கீட்டை ஏற்றுக்கொண்டு, அது விதிக்கும் தகுதியை விலக்கும்போது ஒரு புதிய வினா எழுகிறது: அந்த அரைப்பங்கு வகுப்பில் யாருக்குக் கிடைக்கிறது?

3. திண்ணைப் பள்ளியும் மெட்ராஸ் முறையும்

மாணவர் மாணவருக்குக் கற்பித்தல் தமிழகத்திற்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணவரான சட்டாம்பிள்ளை, இளையோரை எழுதவும் ஒப்புவிக்கவும் பயிற்றினார். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான இல்லத்தின் பொறுப்பை 1789இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அம்முறையைத் தம் இல்லத்திற்குக் கொண்டுவர முயன்றார். உதவி ஆசிரியர்கள் இணங்காத நிலையில், எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு இளைய பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். அவர் 1797இல் இலண்டனில் இதுபற்றி வெளியிட்ட நூலால் இது ‘மெட்ராஸ் முறை’ எனப் பெயர்பெற்றுப் பிற நாடுகளிலும் பரவியது.

ஆசிரியர் குறைவாகவும் மாணவர் மிகுதியாகவும் இருந்த சூழலில் இம்முறை பெரிதும் பயன்பட்டது. எனினும் இதில் விளக்குவோர் ஒருவர், கேட்போர் பலர். சட்டாம்பிள்ளை நாள்தோறும் எடுத்துரைத்ததால் அவருடைய அறிவு வளர்ந்தது. கேட்டோர் காற்பங்கினராகவே நின்றனர். இன்றைய வகுப்பறைக் குழுக்களில் தலைவராக அமர்த்தப்படும் ‘நன்கு படிக்கும் மாணவர்’ பல வேளைகளில் இச்சட்டாம்பிள்ளையின் இடத்தையே நிரப்புகிறார். உதவும் முறை தொடர்கிறது. பயன் ஒருபக்கம் குவிவதும் தொடர்கிறது.

4. உடனிருத்தலும் உடன்கற்றலும்

ஒன்றுகூடிச் செய்யும் பணியில் தனியொருவரின் முயற்சி குறையக்கூடும் என்பது நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி. பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மேக்ஸ் ரிங்கெல்மேன், கயிறிழுத்தல் போன்ற செயல்களில் ஆட்கள் கூடக்கூட ஒவ்வொருவரும் செலுத்தும் விசை குறைவதை அளந்து 1913இல் வெளியிட்டார். 1979இல் பிப் லத்தானேயும் உடன் ஆய்வாளர்களும் கைதட்டுதல், குரலெழுப்புதல் ஆகிய செயல்களைக் கொண்டு இதனை மேலும் ஆராய்ந்தனர். தாம் குழுவில் இருப்பதாக எண்ணியவர்கள், உண்மையில் தனித்தே குரலெழுப்பியபோதும் குறைவாகவே முயன்றனர். தம் பங்கு தனித்து அறியப்படாது என்ற எண்ணமே முயற்சியைத் தளர்த்தப் போதுமானதாக இருந்தது.

இதனாலேயே டேவிட் ஜான்சனும் ரோஜர் ஜான்சனும் கூட்டுக் கற்றலுக்குரிய அடிப்படைக் கூறுகள் ஐந்தனை வகுத்தபோது, ஒருவரின் வெற்றி மற்றவரைச் சார்ந்திருத்தலையும் ஒவ்வொருவரும் தனித்தனியே பொறுப்புடையராதலையும் இன்றியமையாதனவாகக் கொண்டனர். நேர்முகமாக ஒருவரையொருவர் ஊக்குதல், கூடிச் செயற்படும் திறன்கள், குழு தன் செயற்பாட்டைத் தானே சீர்தூக்குதல் என்பன எஞ்சிய மூன்று. முதலிரு கூறுகளும் இணைந்தே இயங்க வேண்டும். சார்பு மட்டும் இருந்து தனிப்பொறுப்பு இல்லையெனில் ஒருவர் உழைப்பில் பலர் தங்குவர். தனிப்பொறுப்பு மட்டும் இருந்து சார்பு இல்லையெனில் ஒரே மேசையில் தனித்தனிப் பணிகள் நடக்கும்.

தமிழகத்தில் 2003ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநில அளவில் விரிந்த செயல்வழிக் கற்றல் முறையை இவ்விடத்து எண்ணிப் பார்க்கலாம். ஆசிரியர் உதவி பெறும் குழு, சக மாணவர் உதவி பெறும் குழு, தாமே கற்கும் குழு எனத் தேவைக்கேற்பக் குழந்தைகளை அமரச் செய்து, கற்றல் ஏணியின் வழியே அவரவர் வேகத்தில் முன்னேற அது வழிசெய்தது. அக்குழுக்கள் பெறும் உதவியின் அளவைக் குறிப்பவை. அங்கே ஒவ்வொரு குழந்தையின் அட்டையும் தனி. குழு என்னும் சொல் ஒன்றாயினும், உதவிக்காக அமையும் குழு வேறு, ஒரு பொதுப்பணிக்காக அமையும் குழு வேறு. இவ்விரண்டனையும் ஒன்றெனக் கொள்வதால் எதிர்பார்ப்பும் மதிப்பீடும் பிழைபடுகின்றன.

குழுவில் நிகழும் பேச்சின் தன்மையை ஆராய்ந்த நோரீன் வெப், விரிவான விளக்கம் அளிக்கும் மாணவர் மிகுதியும் பயன்பெறுவதையும், விடையை மட்டும் பெற்றுக்கொள்வோர் பயன்பெறாமையையும் எடுத்துக்காட்டினார். விளக்குவதற்காக ஒருவர் தாம் அறிந்ததை வரிசைப்படுத்துகிறார், எடுத்துக்காட்டுத் தேடுகிறார், கேட்பவர் முகத்தில் ஐயம் தோன்றும்போது தம் புரிதலிலுள்ள இடைவெளியைத் தாமே காண்கிறார். எடுத்துரைத்தலுக்கு நன்னூல் அரைப்பங்கு அளித்ததன் காரணத்தை இவ்விடத்து உணரலாம்.

5. தகுநிலையும் மௌனமும்

விளக்குதல் இத்துணைப் பயன் தருமெனில், அவ்வாய்ப்பு எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பது நீதி பற்றிய வினாவாகிறது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகச் சமூகவியலாளர் எலிசபெத் கோகனின் ஆய்வுகள் இவ்வினாவை மையமாகக் கொண்டவை. குழு ஒன்று பேசத் தொடங்கும்போதே யார் திறமையுடையவர் என்பது பற்றிய எதிர்பார்ப்பு உறுப்பினரிடையே அமைந்துவிடுகிறது. வாசிப்புத் திறன், வகுப்பில் பெற்ற பெயர், சமூக மதிப்பு ஆகியன இத்தகுநிலையை உருவாக்குகின்றன. உயர் தகுநிலையுடையவர் மிகுதியாகப் பேசுகிறார். அவரிடமே மற்றவர் வினவுகின்றனர். அதனால் அவர் மேலும் கற்கிறார். தாழ் தகுநிலையுடையவர் கூறும் சரியான கருத்தும் செவிமடுக்கப்படாது போகிறது. மௌனம் அறியாமையின் அடையாளமாகக் கொள்ளப்பட்டு, தகுநிலை மேலும் தாழ்கிறது.

தமிழ்ச் சூழலில் இதனுடன் சாதி, பாலினம், பயிற்றுமொழி, ஊர், வட்டார வழக்கு ஆகியன சேர்கின்றன. மாணவர் தாமே தம் குழுவைத் தெரிவு செய்யுமாறு விடப்பட்டால், விடுதி அறையிலும் பேருந்திலும் அமைந்த கூட்டமே வகுப்பிலும் அமையக்கூடும். நன்னூல் இல்லிக்குடம் என்றும் நெய்யரி என்றும் உவமித்த நிலைகள் மாணாக்கரின் மாறா இயல்புகள்தாமா, அன்றிக் குழு அவருக்கு அளித்த இடத்தின் விளைவுகளா என்ற ஐயத்தைக் கோகனின் ஆய்வு எழுப்புகிறது. மூன்றாண்டுப் பட்டப்படிப்பு முழுவதும் குழுவில் அமர்ந்து, ஒருமுறையும் விளக்க வாய்ப்புப் பெறாத ஒரு மாணவர் பெயரளவிலேயே உடன்பயின்றவர்.

கோகன் முன்வைத்த தீர்வுகள் இரண்டு. பலவகைத் திறன்கள் தேவைப்படும் பணியைக் கொடுத்து, எவரிடமும் எல்லாத் திறனும் இராது, ஒவ்வொருவரிடமும் சில இருக்கும் என்பதை முன்கூட்டியே மாணவர்க்கு உணர்த்துதல் ஒன்று. தாழ் தகுநிலை மாணவர் பணிக்குரிய பங்களிப்பைச் செய்யும்போது, அதனை ஆசிரியர் பொதுவில், குறிப்பாக, உண்மையாக எடுத்துக் கூறுதல் மற்றொன்று. வெற்றுப் பாராட்டு இதற்கு உதவாது. செய்தது இன்னது, அதனால் குழுவிற்குக் கிடைத்தது இன்னது என்று கூறுதலே தகுநிலையை மாற்றும்.

6. பிரித்தளித்துக் கூட்டும் முறை

விளக்கும் வாய்ப்பைப் பணியின் அமைப்பினாலேயே பகிர்ந்தளிக்கும் முறை ஒன்றை 1971இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் எலியட் ஆரன்சன் வடிவமைத்தார். இனப்பிரிவினை நீக்கப்பட்டு வெள்ளையரும் கறுப்பினத்தவரும் இஸ்பானியரும் ஒரே வகுப்பில் அமர்ந்தபோது எழுந்த பகைமையே அதற்குச் சூழல். பாடப்பகுதி பல கூறுகளாகப் பிரிக்கப்பட்டது. குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு கூறு மட்டும் தரப்பட்டது. ஒரே கூறைப் பெற்ற வெவ்வேறு குழுவினர் கூடி அதனைத் தெளிந்த பின், தத்தம் குழுவிற்குத் திரும்பி மற்றவர்க்கு விளக்கினர். எவருடைய விளக்கத்தையும் புறக்கணிக்க இயலாத நிலையில், ஏளனம் செய்தோரும் வினவவும் கேட்கவும் வேண்டியவராயினர். இங்கே கூடிக் கற்குமாறு அறிவுரை கூறப்படவில்லை. கூடாமல் கற்க இயலாத பணி தரப்பட்டது.

7. குறுந்தொகை வகுப்பில் செயலாக்கம்

தேவகுலத்தார் பாடிய குறுந்தொகை மூன்றாம் பாடல் இம்முறைக்கு மிகப் பொருந்துவது. நான்கே அடிகள் கொண்ட இப்பாடலைத் தனியொருவர் உரையுடன் படித்துப் பொருள் கூறிவிடலாம். எனவே பாடலின் பொருளை எழுதுக என்பது குழுவிற்குரிய பணியாகாது. நான்கு கூறுகளையும் சேர்த்தாலன்றி விடை காணவியலாத வினா தேவை.

48 மாணவர் கொண்ட வகுப்பில் நால்வர் கொண்ட 12 குழுக்கள் அமையும். குழுக்களைச் சீட்டுக் குலுக்கி அமைப்பது ஏற்றது. அசைக்க முடியாத இருக்கைகள் உள்ள அறையில் முன்வரிசையில் இருவர் பின்வரிசை இருவரை நோக்கித் திரும்பி அமர்ந்தாலே போதும். ஒவ்வொருவருக்கும் கீழ்க்காணும் கூறுகளில் ஒன்று வழங்கப்படும்.

முதற்கூறு ஒப்பீடு பற்றியது. நிலம், வானம், நீர் ஆகிய மூன்றனைக் கொண்டு அகலம், உயரம், ஆழம் எனும் மூவகை அளவுகள் சுட்டப்படுவதையும், ஐந்தாம் வேற்றுமை உணர்த்தும் எல்லைப் பொருளையும் இக்கூறு பெற்றவர் ஆராய்வார். இரண்டாம் கூறு கருப்பொருள் பற்றியது: மலைச்சாரல், கரிய கொம்பினையுடைய குறிஞ்சி, அதன் பூவிலிருந்து அமையும் தேன். மூன்றாம் கூறு தொடரமைப்பு பற்றியது. பயனிலைகள் முன்னே வந்து, அவற்றுக்குரிய எழுவாயான நட்பு பாடலின் இறுதிச் சொல்லாக நிற்பதன் விளைவை அவர் காண்பார். நான்காம் கூறு கூற்றுச் சூழல். தலைவன் வேலிப்புறத்தே மறைந்து நிற்க, திருமணத்தை விரும்பிய தோழி அவனைப் பழிக்க, தலைவி அவனை உயர்த்திக் கூறியது என்ற கொளுவின் செய்தியை அவர் ஆராய்வார்.

ஒரே கூறைப் பெற்ற பன்னிருவர் ஒன்றாகக் கூடினால் சிலரே பேசுவர். ஆகவே அவர்களை நால்வர் கொண்ட மூன்று அணிகளாகப் பிரித்தல் வேண்டும். இக்கட்டத்தில் ஆசிரியர் ஒவ்வோர் அணியின் புரிதலையும் சரிபார்ப்பது கட்டாயம். இங்கே தங்கும் பிழை பின்னர்ப் பல குழுக்களுக்கும் பரவும். அதன்பின் மாணவர் தம் குழுவிற்குத் திரும்பி விளக்குவர். பின்னர்ப் பொதுவினா தரப்படும்: மறைந்து நின்று கேட்கும் தலைவனுக்குத் தலைவியின் இப்புகழ்ச்சி எதனை உணர்த்துகிறது?

இவ்வினாவிற்குக் கூற்றுச் சூழலை மட்டும் அறிந்தவர், அது தலைவனுக்கு ஆதரவான மொழி என்று கூறக்கூடும். தொடரமைப்பை அறிந்தவர், அளவிறந்த ஒன்று எது என்று கேட்பவனை இறுதிச் சொல் வரை காத்திருக்கச் செய்வதைச் சுட்டுவார். கருப்பொருளை ஆராய்ந்தவர், பல பூக்களிலிருந்து சிறிது சிறிதாகச் சேர்ந்து பெருகும் தேனை நட்பின் வளர்ச்சியோடு இணைப்பார். ஒப்பீட்டை ஆராய்ந்தவர், அளக்கவியலாத அன்பிற்கு இன்னும் மணம் என்னும் உலகறிந்த நிலை வாய்க்கவில்லை என்ற முரணைக் காட்டலாம். நான்கும் கூடும்போது, புகழ்ச்சியாக ஒலிக்கும் மொழி வரைவு கடாவும் குறிப்பாகவும் நிற்பதைக் குழு காண்கிறது. இதற்கு மாறான முடிவும் சான்றுடன் வரக்கூடும், அதுவும் ஏற்கத்தக்கதே. தேனடையை நேரில் கண்டு பழகிய ஒரு மாணவரின் அறிவு இவ்விடத்து உரைநூல் தராத வெளிச்சத்தைத் தருமாயின், அதனை வகுப்பறியச் சுட்டுவது கோகன் கூறிய தகுநிலை மாற்றத்திற்கு வாய்ப்பாகும்.

8. பேச்சு நெறியும் ஆசிரியர் இடமும்

மாணவர் உரையாடலை ஆராய்ந்த நீல் மெர்சர், அதனை மூவகையாகப் பகுத்தார். தத்தம் கருத்தை மட்டும் வலியுறுத்தி முரண்படும் பேச்சு, ஒருவர் கூறியதை மற்றவர் ஆராயாமல் ஏற்றுத் தொடரும் பேச்சு, காரணம் கேட்டும் காட்டியும் சேர்ந்து ஆராயும் பேச்சு என்பன அவை. மூன்றாவது வகையே குழுக் கற்றலுக்கு உரியது. அது பழக்கத்தால் வருவது. காரணம் கூறாத கருத்தை ஏற்பதில்லை, ‘எவ்வாறு’ என வினவுவதைக் குறை கூறுவதாகக் கருதுவதில்லை, அனைவரும் பேசிய பின்னரே முடிவு என்பன போன்ற நெறிகளை மாணவரே வகுத்து எழுதிக்கொள்வது நலம். ஆசிரியர்முன் மறுத்துப் பேசாமையை அடக்கமாகப் பழகிய மாணவருக்கு, சக மாணவரின் கருத்தை மதிப்புடன் மறுக்கும் மொழியும் கற்பிக்கப்பட வேண்டும்.

குழுக்கள் பேசும்போது ஆசிரியர் கேட்பவராக இருத்தல் வேண்டும். ஐயத்துடன் வரும் மாணவரிடம் உடனே விடை கூறிவிட்டால், குழுவில் ஒருவர் பெற்றிருக்க வேண்டிய விளக்கும் வாய்ப்பு ஆசிரியரிடமே திரும்பிவிடுகிறது. குழுவில் எவரும் அறியாத நிலையிலேயே தலையிடுவது பொருந்தும். குழுவின் முடிவை வகுப்பில் கூறுபவரை இறுதி நேரத்தில் ஆசிரியரே எண் குறித்து அழைப்பது மற்றொரு பயனுள்ள முறை. எவர் அழைக்கப்படுவார் என அறியாத நிலையில், அனைவரும் கூறத்தக்கவராக ஆகும் வரை குழு உழைக்கும்.

9. மதிப்பீடும் வரம்புகளும்

குழுவிற்கு ஒரே மதிப்பெண் வழங்குவது உழைத்தவருக்கும் உழைக்காதவருக்கும் அநீதியாகும். மாறாக, ஒவ்வொரு மாணவரும் தாம் பெறாத கூறு பற்றித் தனித்து எழுதுமாறு அகமதிப்பீட்டை அமைக்கலாம். தொடரமைப்பை ஆராய்ந்தவர் கூற்றுச் சூழல் பற்றி எழுதுவார். கருப்பொருளை ஆராய்ந்தவர் ஒப்பீடு பற்றி எழுதுவார். இவ்விடைத்தாள் எழுதியவரின் கேட்கும் திறனையும், அவருக்கு விளக்கியவரின் உரைக்கும் திறனையும் ஒருங்கே காட்டும். மதிப்பெண் எழுதியவருக்கே உரியது. விளக்கியவருக்கு அது குறிப்புரையாகப் பயன்படும்.

எல்லாப் பாடத்திற்கும் இம்முறை பொருந்தாது. நூற்பாக்களை மனனம் செய்தல், அசை பிரித்து வாய்பாடு கூறப் பழகுதல் போன்றவற்றைத் தனித்தோ இருவராகவோ செய்வதே சிறப்பு. ஒருவர் வரவில்லையெனில் குழு ஒரு கூறை இழக்கும்; எனவே ஒரு கூறை இருவர் ஏற்கும் ஐவர் குழுக்கள் சிலவற்றை அமைத்துக்கொள்வது பாதுகாப்பு. காலமும் கூடுதலாகத் தேவை: மேற்கூறிய பாடலுக்கு விரிவுரையில் ஒரு பாடவேளை போதும், இம்முறைக்கு இரண்டு வேண்டும். பாடத்திட்டம் முழுவதையும் இவ்வாறு நடத்தல் இயலாது. பருவத்திற்குச் சில பாடங்களைத் தேர்ந்து நன்கு நடத்துவதே தக்கது.

10. முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படும் முடிவுகள் வருமாறு. குழுக் கற்றலின் பயன் பெரிதும் விளக்குவோரைச் சேர்கிறது; இதனை நன்னூலின் அரைப்பங்குக் கொள்கையும் தற்கால ஆய்வும் ஒருசேர உணர்த்துகின்றன. திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை முறையும் மெட்ராஸ் முறையும் விளக்குதலின் ஆற்றலைப் பயன்படுத்தின. ஆயின் அதனை ஒருவரிடமே வைத்தன. கட்டுப்பாடற்ற குழுவில் தகுநிலை அவ்வாறே அதனை ஒருவரிடம் சேர்க்கிறது. பணியைப் பிரித்தளித்தல், குழுவைக் குலுக்கல் முறையில் அமைத்தல், பேச்சு நெறி வகுத்தல், தாம் பெறாத கூறில் மதிப்பிடுதல் ஆகியவற்றால் அதனைப் பகிர்ந்தளிக்க இயலும். பவணந்தியார் தகுதியுடைய மாணாக்கருக்கு வகுத்த அரைப்பங்கை வகுப்பிலுள்ள ஒவ்வொரு மாணவருக்கும் உரியதாக்குவதே இன்றைய தமிழாசிரியர்முன் உள்ள பணியாகும்.